ஒரு சாக்கு சைக்கிள் சாமானிலிருந்து முதல் ரோபோ பொம்மை

பெரம்பூரிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். அவருடைய மாமனார் நாற்பது வருடம் சைக்கிள் கடை நடத்தியவர். அவர் காலமான பிறகு கடையைக் காலி செய்ததில் ஒரு சாக்கு நிறையப் பழைய சாமான் மிஞ்சியிருக்கிறது. காயலான்கடையில் எடைக்குப் போட மனசு வரவில்லை. அதில் ரோபோ பொம்மைகள் செய்யலாமா? வெல்டிங் தெரியாது, எங்கிருந்து தொடங்குவது? எட்டு வயது மகளும் கூட உட்கார ஆசைப்படுகிறாள், அவளுக்கு என்ன வேலை கொடுக்கலாம்? இதைக் கலை என்பார்களா, வெறும் கைவேலை என்பார்களா?

நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் டூல் ரூம் ஃபிட்டராக இருந்தவன். பதினாறு வருடமாகக் கழிவு இரும்பில் உருவங்கள் செய்து வருகிறேன். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில், சாக்கை எடைக்குப் போடாமல் வைத்ததற்கு நன்றி. "பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம்" என்று தெருவில் கூவி வந்த காலத்திலிருந்து நம் வீட்டு இரும்பு போகிற வழி ஒன்றுதான். ஒரு மனிதர் நாற்பது வருடம் தொட்டுப் பழகிய சாமான் தராசில் ஏறினால் வெறும் கிலோதான்.

அதிலும் உங்களிடம் இருப்பது சைக்கிள் சாமான். இந்த வேலைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் நேரே புதுப்பேட்டையின் பழைய வண்டிச் சாமான் கடைகளுக்குப் போய் பைக் இன்ஜின் பாகங்களில் தொடங்குகிறார்கள். பிஸ்டன், கனெக்டிங் ராடு, ஸ்பார்க் பிளக் எல்லாம் கையில் எடுத்தாலே ஆசை வரும். வீட்டுக்கு வந்த பிறகுதான் சிக்கல் தெரியும். பிஸ்டன் அலுமினியம், ராடு இரும்பு. சாதாரண ஆர்க் வெல்டிங்கில் இரண்டும் சேராது. சைக்கிளில் அந்தத் தொல்லை இல்லை. ஃபிரேமை விட்டால் மற்றதெல்லாம் மரை போட்டு, நட்டு முடுக்கி, பின் அடித்து மாட்டியவை. ரோட்டோரத்தில் உட்கார்ந்து ஒரு ஸ்பேனரில் கழற்றி மாட்டுவதற்கென்றே செய்த சாமான் அது. வெல்டிங் தெரியாதவருக்கு இதைவிட நல்ல தொடக்கம் கிடைக்காது.

ரப்பரையும் டைனமோவையும் தவிர மற்ற சாமானை எல்லாம் ஒரு பிளாஸ்டிக் வாளியில் டீசல் ஊற்றி ஒரு ராத்திரி ஊறப்போடுங்கள். அடுப்படியிலிருந்து தள்ளி, மொட்டை மாடியில் வைத்துச் செய்யுங்கள். காலையில் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, பாத்திரம் கழுவும் சோப்பில் அலசி, வெயிலில் காயவையுங்கள். கிரீஸ் ஒரு துளி இருந்தாலும் எந்தப் பசையும் பிடிக்காது. காய்ந்ததை ஜோடி ஜோடியாகப் பிரியுங்கள். இடது பெடலின் மரை மட்டும் எதிர்ப்பக்கமாகச் சுற்றும், அதை வலதோடு கலந்துவிடாதீர்கள். பிறகு ஒரு வெள்ளைப் போர்வையை விரித்து எல்லாவற்றையும் அதன் மேல் பரப்புங்கள். ஒரு வாரம் எதையும் இணைக்க வேண்டாம். அடுக்குங்கள், கலையுங்கள், பிடித்த அடுக்கைப் போனில் படம் எடுத்து வையுங்கள். இந்த ஒரு வாரத்தைப் பொறுமையில்லாமல் தாண்டியவர்களின் பொம்மைகள் எல்லாம் ஒரே மாதிரி இருப்பதைப் பார்த்திருக்கிறேன். பெட்டி உடம்பு, பெட்டித் தலை, இரண்டு நட்டுக் கண்.

இப்போது நான் மிக முக்கியமாக நினைப்பதைச் சொல்கிறேன். பெடல் பாதமாகலாம். பாதமான பிறகும் அது பெடலாகத் தெரிய வேண்டும். பார்க்கிறவர் தூரத்தில் "அட, நிற்கிறானே" என்று வந்து, கிட்டே வந்ததும் "அட, பெடல்!" என்று சொல்ல வேண்டும். ஒரே பொருளை இரண்டாகப் பார்க்கிற அந்த நொடியில்தான் இந்தக் கலையின் உயிர் இருக்கிறது. அதனால்தான் சில்வர் ஸ்பிரே அடிக்காதீர்கள் என்று வருகிறவர்களிடமெல்லாம் கெஞ்சுகிறேன். ஸ்பிரே அடித்தால் ரோபோ கிடைக்கும், பெடல் செத்துப்போகும். பெடல் ரப்பரின் ஒரு ஓரம் தேய்ந்திருக்கிறதா? அது யாரோ ஒருவரின் செருப்பு வருடக்கணக்கில் மிதித்த தேய்மானம். அதை எந்தச் சிற்பியும் செதுக்கிக் கொண்டுவர முடியாது.

கொரியாவில் பிறந்த நாம் ஜூன் பைக் (Nam June Paik) என்ற கலைஞர் 1986-ல் பழைய ரேடியோ, டிவி பெட்டிகளை அடுக்கி ஒரு ரோபோ குடும்பம் செய்தார். தாத்தா பாட்டிக்கு மிகப் பழைய ரேடியோ, டிவி பெட்டிகள். அப்பா அம்மாவுக்கு அதற்குப் பிந்தியவை. பிள்ளைகளுக்குப் புதிய டிவிகள். முகத்தில் சுருக்கம் போடாமல், தலையை நரைக்கவிடாமல், பெட்டியின் வயதையே ஆளின் வயதாக்கிவிட்டார். உங்கள் சாக்கிலும் வயது இருக்கும். கனமான பித்தளை பெல் மூடி ஒன்றும் மெல்லிய தகர மூடி ஒன்றும் கிடைத்தால், எது மாமனார், எது பேத்தி என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்தது நிற்கிற விதம். ரோபோ என்றாலே விறைப்பாக நிறுத்திவிடுகிறோம். நம் சிற்பிகள் அதைச் சமபங்கம் என்பார்கள். இரண்டு காலிலும் சரிசமமாக எடை விழுந்து நேராக நிற்பது. அது தவறில்லை, ஆனால் பத்தும் அப்படியே நின்றால் கடை அலமாரி மாதிரி ஆகிவிடும். ஒரு நாள் மகளைக் கூட்டிக்கொண்டு எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் வெண்கலச் சிலைகள் இருக்கும் கூடத்துக்குப் போய் வாருங்கள். திரிபங்கமாக நிற்கிற ஒரு அம்மன் சிலை முன் பத்து நிமிடம் நில்லுங்கள். எடை ஒரு காலில் விழும்போது அந்தப் பக்க இடுப்பு மேலே ஏறுகிறது, அதே பக்கத் தோள் சற்று இறங்குகிறது. தலை மறுபடி வேறு பக்கம் சாய்கிறது. மூன்று வளைவுதான், உலோகத்துக்கு மூச்சு வந்துவிடுகிறது. இதை ஹப்பும் (சக்கரத்தின் நடுக்குடம்) செயினும் வைத்துச் செய்ய முடியும். ஒரு கால் பெடலுக்குக் கீழே ஒரு வாஷர் கூடுதலாக வையுங்கள், இடுப்பு தானாகச் சாயும்.

அப்படியே மெரினாவுக்கும் போய் உழைப்பாளர் சிலையைப் பாருங்கள். தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்தது, 1959-ல் அங்கே வைத்தார்கள். அவர் எழும்பூர் ஓவியக் கல்லூரியின் தலைவராக இருந்தவர். நான்கு பேர் ஒரு பாறையை நெம்புகிறார்கள். பாறை எத்தனை கனம் என்பது பாறையில் தெரியாது, அவர்கள் முதுகிலும் ஊன்றிய காலிலும்தான் தெரியும். உங்கள் ரோபோ கையில் ஒரு ஸ்பேனரைக் கொடுத்தால், அந்தக் கைத் தோளை அரை அங்குலம் இறக்குங்கள். ஸ்பேனருக்கு எடை வந்துவிடும்.

அளவுக்கும் நம்மிடம் நல்ல கணக்கு இருக்கிறது. சிற்ப நூல்களில் முகத்தின் நீளம் ஒரு தாலம். பெல் மூடியைத் தலையாக வைத்தால் அதன் அளவை ஒன்றாக எடுத்துக்கொள்ளுங்கள். மொத்த உயரம் நான்கு மடங்கு என்றால் குழந்தை. ஐந்து என்றால் பிள்ளையார், பஞ்சதாலம், பார்த்தாலே பிரியம் வரும். ஒன்பது பத்து மடங்குக்குப் போனால் கம்பீரம் வரும், கொஞ்சம் பயமும் வரும். முதல் பொம்மையை ஐந்தில் செய்யுங்கள். குட்டையான உருவம் எளிதில் கவிழாது என்பது இன்னொரு சௌகரியம்.

இணைப்பு வேலைக்கு வருவோம். முன்சக்கர ஹப்பை நெஞ்சாக்கிப் படுக்கை வாட்டில் வைத்தால், ஆக்ஸிலின் இரண்டு முனையும் தோள்கள். நட்டைச் சற்றுத் தளர்த்தி வைத்தால் உள்ளே இருக்கும் பால்ரஸ் குண்டுகளின் தயவில் தோள் சுழலும். ஸ்போக்ஸ் துளைகள் ஏற்கெனவே இருப்பதால் துளை போடும் வேலை பாதி குறைந்தது. ஸ்போக்ஸ் கம்பியை வளைத்து நிப்பிளால் (ஸ்போக்ஸ் முனையின் சிறு நட்டு) முடுக்கினால் விலா எலும்பு, விரல் எல்லாம் வரும். செயின் கைக்கு அருமையாக இருக்கும், ஒரு விஷயம் மட்டும் கவனியுங்கள். செயின் ஒரே தளத்தில்தான் மடங்கும், பக்கவாட்டில் மடங்காது. தோளில் பக்கவாட்டிலும் திரும்ப வேண்டுமென்றால் அந்த இடத்தில் ஒரு போல்ட்டைத் தனியாகப் போட வேண்டும். கை துவளாமல் நிற்க, செயின் இணைப்புகளின் உள்பக்கமாக ஒரு துண்டு ஸ்போக்ஸை ஓட்டி, வேண்டிய வளைவில் எம்-சீல் வைத்து அடைத்துவிடுங்கள். உலோகத்தோடு உலோகம் ஒட்ட அரால்டைட் போதும். ஒட்டும் இரண்டு முகத்தையும் உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, கட்டி வைத்து, ஒரு ராத்திரி தொடாமல் விடுங்கள். அவசரப்பட்டு நிமிர்த்தி வைத்து என் முதல் உருவம் மேசையிலிருந்து விழுந்து கழுத்து முறிந்தது. அதிலிருந்து கழுத்துக்கு மட்டும் பசையை நம்புவதில்லை, போல்ட்தான்.

துளை போடும்போது ஒன்று. பெல் மூடி, மட்கார்டு, ஹப் ஓடு இவற்றில் சாதாரண டிரில் பிட் இறங்கும். பால்ரஸ் ஓடுகிற கப்பும் கோனும் கெட்டிப்படுத்திய எஃகு, பிட்தான் மழுங்கும். அவற்றை அப்படியே வளையமாக, கண் குழியாகப் பயன்படுத்துங்கள்.

பின்னால் வெல்டிங் கற்றுக்கொள்ள ஆசை வரும், வரட்டும். ரெண்டரை எம்எம் வெல்டிங் ராடு, சிறிய இன்வெர்ட்டர் மெஷின், சொல்லிக்கொடுக்க ஒரு நல்ல மேஸ்திரி இருந்தால் ஒரு மாதத்தில் கை படியும். ஆனால் இதை மனதில் வையுங்கள். சைக்கிள் சாமான் முக்கால்வாசி முலாம் பூசியது. துத்தநாக முலாம் பூசிய போல்ட்டைச் சூடாக்கினால் வெள்ளைப் புகை எழும். அதை மூச்சில் இழுத்தால் அன்று சாயங்காலமே குளிர் காய்ச்சல் தூக்கிப்போடும். எனக்கு ஒரு முறை வந்து, மலேரியா என்று நினைத்துப் படுத்திருந்தேன். குரோம் முலாம் அதைவிடப் பொல்லாதது, அதன் புகை நுரையீரலுக்குக் கெடுதல். குரோம் சாமானுக்கு நெருப்பே வேண்டாம், நட்டு போல்ட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். புதுப்பேட்டைப் பக்கம் போக ஆரம்பித்தால் ஷாக் அப்சார்பரைச் சூடாக்காதீர்கள், உள்ளே அழுத்தத்தில் எண்ணெயும் வாயுவும் இருக்கும், வெடிக்கும். பழைய பிரேக் லைனிங்கைத் தேய்க்காதீர்கள், ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். எலக்ட்ரானிக் கடைகள் நிறைந்த ரிச்சி ஸ்ட்ரீட்டில் பழைய சர்க்யூட் போர்டும் ஒயரும் வாங்கலாம், அழகாக இருக்கும். ஆனால் பழைய பெட்டி டிவியின் கண்ணாடிக் குழாயையும் மைக்ரோவேவ் அடுப்பையும் பிரிக்கவே கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மைக்ரோவேவின் கெபாசிட்டரில் ஆளைக் கொல்லும் மின்சாரம் தங்கியிருக்கும்.

மகளுக்கு வருகிறேன். அவளுக்கு இரும்பு வேலை இப்போது வேண்டாம், ஆனால் அவள்தான் வடிவமைப்பாளர். போர்வை மேல் அடுக்குவதை அவளிடம் விட்டுவிடுங்கள். பெரியவர்கள் பெல்லை பெல்லாகப் பார்ப்போம், குழந்தை உடனே தொப்பி என்பாள், ஆமை என்பாள். அவள் கைக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. நம் பாட்டிமார் காகிதக்கூழில் கூடை செய்வார்களே, அதே முறையில் ரோபோ செய்யலாம். செய்தித்தாளைக் கிழித்து இரண்டு மூன்று நாள் ஊறவைத்து, ஊறிய வெந்தயத்தோடு சேர்த்து அரைத்தால் பசையும் வரும், பூச்சியும் அண்டாது. தீப்பெட்டி, டப்பா, அட்டைக் குழாய் இவற்றை நூலால் கட்டி உருவம் நிறுத்தி, மேலே கூழ் பூசி நிழலில் காயவைக்க வேண்டும். வெயிலில் வைத்தால் வெடிப்பு விடும். புரசைவாக்கம் பக்கத்தில் கொசப்பேட்டையில் கொலு பொம்மை செய்கிறவர்கள் தெருவில் ஒரு முறை நடந்து வாருங்கள். பொம்மைக்குக் கடைசியாகக் கண் திறக்கும்போது அவர்கள் கை நிதானத்தை அவள் பார்க்கட்டும். நவராத்திரிக்கு உங்கள் வீட்டுக் கொலுவில் கீழ்ப்படியில் செட்டியார் பொம்மை பக்கத்தில் அவளுடைய ரோபோ உட்கார்ந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

சென்னையில் இருப்பதால் துருவைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. கடல் காற்றில் உப்பு இருக்கிறது. பூச்சில்லாத இரும்பு ஒரு ஐப்பசி மழையைத் தாண்டாது. பளபளப்பான வார்னிஷ் அடித்தால் பிளாஸ்டிக் போலாகிவிடும். நான் செய்வது கடுக்காய். பத்துப் பதினைந்து கடுக்காயை உடைத்து, கொட்டையை நீக்கி, ஒரு லிட்டர் தண்ணீரில் பாதியாகச் சுண்டக் காய்ச்சி வடிகட்டுங்கள். உதிரும் துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துவிட்டு, ஒட்டியிருக்கும் மெல்லிய துரு மேல் இந்தக் கஷாயத்தைச் சூடாகப் பூசுங்கள். கடுக்காயின் துவர்ப்பும் துருவில் இருக்கும் இரும்பும் சேர்ந்து கண் முன்னால் நீலம் கலந்த கறுப்பாக மாறும். கலம்காரித் துணியில் கறுப்புக் கோடு வருவதும் இதே சேர்க்கையில்தான். இரண்டு மூன்று பூச்சு கொடுத்து, நன்றாகக் காய்ந்த பிறகு தேன்மெழுகைத் துணியில் தொட்டுச் சூடு பறக்கத் தேயுங்கள். வருடத்துக்கு ஒரு முறை, மழைக்கு முன்னால், மெழுகை மட்டும் புதுப்பித்தால் போதும். குரோமும் பித்தளையும் இருக்கும் இடத்தில் இது வேலை செய்யாது, அவற்றை உலர்ந்த துணியால் துடைத்து வைத்தாலே சரி.

கலையா கைவேலையா என்று கேட்டீர்கள். இந்தக் கேள்விக்கு நம் ஊரிலேயே ஒரு பதில் இருக்கிறது, ஈஞ்சம்பாக்கத்தில். கே.சி.எஸ். பணிக்கரும் அவரோடு சேர்ந்த ஓவியர்களும் சிற்பிகளும் 1966-ல் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தைத் தொடங்கினார்கள். ஓவியம் விற்றுச் சாப்பிட முடியாத காலம். பாத்திக் துணியும் கைவினைப் பொருள்களும் செய்து விற்ற வருமானம்தான் அவர்களைத் தாங்கியது. காலையில் கைவேலை செய்த அதே கைதான் மாலையில் சிற்பம் செய்தது. அங்கே இருந்த பி.வி. ஜானகிராம் செம்புத் தகட்டை அடித்து வளைத்து உருவங்கள் செய்தார். பணிக்கரின் மகன் எஸ். நந்தகோபால் செம்பும் பித்தளையும் வெட்டிப் பற்றவைத்து, கோயில் வாகனமும் கவசமும் நினைவுக்கு வரும்படி ஒரு தனி உலகமே செய்தார். கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகும்போது அங்கே இறங்கிப் பாருங்கள். பற்றவைத்த தழும்பை மறைக்காமல் கோடாக விட்டிருப்பதைக் கவனியுங்கள். எனக்கு அந்தத் தழும்புகள்தான் பள்ளிக்கூடம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ரோபோ என்ற சொல் உலகுக்கு வந்தது செக் நாட்டு எழுத்தாளர் கரெல் சாப்பெக்கின் 1920-ஆம் வருட நாடகத்தில். சொல்லை எடுத்துக் கொடுத்தவர் அவருடைய அண்ணன் யோசெப், அவர் ஓவியர். செக் மொழியில் அதன் வேர்ச்சொல்லுக்கு அடிமை ஊழியம் என்று பொருள். நாம் அந்தப் பொருளில் எடுத்துக்கொள்ள வேண்டிய கட்டாயமில்லை. நம் சொல் பொறி. எந்திரமும் பொறி, கண்ணும் காதும் பொறி, வெல்டிங்கில் தெறிப்பதும் பொறி. சீவக சிந்தாமணியில் அரசி விசயை ஏறித் தப்புவது மயிற்பொறி. எந்திரத்துக்கும் புலனுக்கும் ஒரே பெயர் வைத்த மொழி இது. ஆயுத பூஜைக்கு லேத்துக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, ஒரு நாள் முழுக்க ஓய்வு கொடுக்கிற ஊர் இது. எந்திரத்துக்கு முகம் உண்டு என்பது உங்கள் மாமனாருக்குப் புதிதாக இருந்திருக்காது. வருடா வருடம் அந்த ஏர் பம்ப்புக்கும் ஸ்பேனருக்கும் பொட்டு வைத்தவர்தானே.

விற்பதைப் பற்றிக் கேட்கவில்லை, ஆனாலும் யாராவது கேட்பார்கள். இரும்பு எடையை வைத்து விலை சொல்லாதீர்கள். எத்தனை நாள் உட்கார்ந்தீர்கள் என்று கணக்கிடுங்கள். முதல் பொம்மையை மட்டும் விற்காதீர்கள்.

கடைசியாக ஒரு சின்ன வேலை, மகளோடு சேர்ந்து செய்யுங்கள். சாக்கில் பாட்டில் டைனமோ ஒன்று நிச்சயம் இருக்கும். டயரில் உரசிச் சுற்றுமே, அது. அதன் தலையைக் கையால் வேகமாகச் சுற்றினால் மின்சாரம் வரும். இரண்டு சிவப்பு எல்இடி வாங்கி, ஒன்றை நேராகவும் மற்றதைத் தலைகீழாகவும் பக்கம் பக்கமாக இணைத்து, 470 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைத் தொடரில் போடுங்கள். டைனமோவில் வருவது மாறி மாறி ஓடும் மின்சாரம். போகும்போது ஒரு கண் எரியும், வரும்போது அடுத்த கண் எரியும், ஒன்றை ஒன்று கெடாமல் காப்பாற்றவும் செய்யும். டைனமோவை முதுகில் மாட்டிவிட்டால் பேட்டரியே வேண்டாம். தலைக்கு வைக்கப் போகும் பெல்லையும் கழுவியதோடு விட்டுவிடாதீர்கள். மூடியைத் திறந்து உள்ளே இருக்கும் பல்சக்கரத்துக்கும் ஸ்பிரிங்குக்கும் இரண்டு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் விட்டு, விரலால் தட்டும் கட்டையை நான்கு முறை அழுத்திப் பாருங்கள். தேய்மானம் இல்லையென்றால் பழைய சத்தம் அப்படியே வரும். இதைக் கழுத்து போல்ட்டை முடுக்குவதற்கு முன்னாலேயே செய்துவிடுங்கள், முடுக்கிய பிறகு மூடியைத் திறக்க வராது.